மதி என்று சொன்னார்

என் பெயர் சுமதி. வீட்டுக்காரருக்குச் சுமி. படத்தின் மூலையில் மட்டும் நான் மதி. அந்த இரண்டெழுத்தைப் போட்ட பிறகு படத்தைத் தொட மாட்டேன்.

தென்காசியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அந்தப் பெயர் எங்களுக்கு ஒரு வேடிக்கை. மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் செல்வகணேஷுக்குத் தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. பதினைந்து வருஷமாக அங்கேயே இருப்பதால் வாயில் பாதி மலையாளம்தான் வரும். சோறு போடும்போது தட்டுக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டி, "மதி, மதி" என்பார்.

"கூப்பிட்டியளா?" என்பேன். சிரிப்பார். மற்றபடி இந்த ஆறு வருஷத்தில் அவர் என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டதே இல்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படிச் சொல்ல முடியவில்லை. லாட்ஜின் பழைய ரிஜிஸ்டர்களில் எழுதாமல் விட்ட தாள்களைக் கிழித்து வந்து எனக்குத் தருவதே அவர்தான். பஸ் ஸ்டாண்டில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கும் பெண்களை அந்தத் தாள்களில் வரைந்தேன். அதில் மூன்று படங்களை நகரத்து ஓவிய மையம் ஒன்று கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டது. கூடவே, கொச்சியில் ஒரு வருஷம் தங்கிப் படிக்க இடமும் தருவதாகச் சொன்னார்கள். முப்பத்தைந்து வயது வரைதான் எடுப்பார்களாம். எனக்கு முப்பத்தைந்து.

"ஒரு வருஷமா? அம்ம கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

"படிக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க."

"நான் அப்படிச் சொல்லுவேன். ஊர்க்காரன், பெண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டான்னுல்லா சொல்லுவான்."

அதோடு பேச்சு நின்றது. நான்கு நாள் உப்பு புளியைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. போகணும், போகணும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் அவர் வாயால் 'போ' என்று கேட்காமல் கிளம்ப எனக்கு மனசு வரவில்லை. என் முட்டாள்தனம் அதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் மையத்திலிருந்து போன் வந்தது. எனக்குப் பேசத் தெரியாமல் இல்லை. வேண்டுமென்றேதான் அவரிடம் நீட்டினேன். "நீங்களே பேசுங்க." அவர் சம்மதம் சொல்வதைக் காதால் கேட்க ஆசை. அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். குக்கர் கத்திய கத்தலில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. "ஆ... ஆ..." என்றார். பிறகு, "மதி" என்றார். போனை வைத்துவிட்டார்.

"என்ன கேட்டாவ?"

"பேரு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு அந்நிய ஆளிடம் என் பெயரை, நான் எனக்கே வைத்துக்கொண்ட பெயரை, அவர் சொல்லியிருக்கிறார். படிப்பில் சேர்க்கத்தானே பெயர் கேட்டிருப்பார்கள். சந்தோஷத்தில் அன்றைக்கு அவருக்கு இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரித்தேன்.

திங்கட்கிழமை காலை, சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட மையத்துக்குப் போனேன். ஆபீசில் இருந்த ஆர்ஷா என்ற பெண் என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள்.

"சேச்சி, ஆ சீட்டு வேறொராளுக்கு கொடுத்தல்லோ."

"ஏன்? நான் வரேன்னுதான..."

"ஞான் விளிச்சு சோதிச்சதா. எக்ஸிபிஷன் மாத்ரம் மதியோ, அதோ கோர்ஸும் வேணோன்னு. சேட்டன் மதின்னு பறஞ்ஞு."

கண்காட்சி மட்டும் போதுமா, படிப்பும் வேண்டுமா என்று அவள் கேட்டிருக்கிறாள். போதும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கெஞ்சிப் பார்த்தேன். பட்டியல் கொச்சிக்குப் போய்விட்டது என்றாள். பாவம், அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். இரண்டு மணிக்குச் சாப்பிட வந்தார்.

"அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொன்னிய?"

"அன்னைக்கே சொன்னம்லா. உன் பேரக் கேட்டா, சொன்னேன்." தலை நிமிரவில்லை.

ஆறு வருஷமாக வாயில் வராத பெயர், அன்றைக்கு மட்டும் வந்ததாம். சோறு போட்டேன். இன்னொரு கரண்டி போட்டேன். அதற்கு மேல் இன்னொன்று. தட்டுக்கு மேலே கை வந்தது. வழக்கமாகச் சொல்லும் சொல்லுக்கு வாயைத் திறந்தவர், என்னைப் பார்த்ததும் அதை விழுங்கினார். நான் அந்தக் கையின் மேலேயே போட்டேன். ஆவி பறந்த சோறு. அவர் கையை இழுக்கவில்லை.

"போதும், சுமி" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் மதி என்று சொல்வதில்லை. நானும் படத்தின் மூலையில் எழுதுவதில்லை.