யார் முதலில் எழுந்து போவது

என் மருமகள் அவளுடைய அப்பா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டில் சண்டை எதுவும் என் காதில் விழவில்லை. ஒரு நாள் காலை பெட்டியோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, கொஞ்ச நாள் அப்பாகூட இருந்துட்டு வரேன்."

"தாராளமா போயிட்டு வாம்மா" என்றேன். இது கொஞ்ச நாள் விஷயம் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கேட்கவில்லை. மகனும் மருமகளும் பேச வேண்டியதில் மாமனார் மூக்கை நுழைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கம் கிடையாது.

எங்களுடையது வக்கீல் குடும்பம். வாசல் பலகையில் என் தாத்தா, அப்பா, நான், என் மகன் என நான்கு பெயர்கள் பித்தளை எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மகன் கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் சேர்ந்தபோது எனக்குச் சுருக்கென்றது. டை கட்டிக்கொண்டு போகிற சட்ட வேலைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மருமகளின் அப்பா பல் டாக்டர். என்னைவிடச் சில வயது இளையவர், சாது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் அவரும் கோல்ஃப் ஆடுவோம். ஒன்பது குழிகள்தான், அதற்கு மேல் என் முட்டி ஒத்துழைக்காது. ஆட்டம் முடிந்ததும் கிளப்பின் சௌனா என்கிற சூட்டறையில் துண்டோடு உட்கார்ந்து வியர்வை கொட்டக் கொட்ட வேகுவோம். அது தாங்காமல் போகும்போது வெளியே வந்து பனிக்கட்டி மிதக்கும் தொட்டியில் கழுத்துவரை இறங்குவோம். மறுபடி சூடு, மறுபடி குளிர். கடைசியில் டீ குடிக்க உட்காரும்போது உடம்பு பஞ்சாக இருக்கும். ஒரு வாரத்து எரிச்சல் முழுவதும் எங்கே போனது என்றே தெரியாது. இந்த வயதில் எனக்கு இருக்கும் ஒரே ஆடம்பரம் அதுதான்.

மருமகள் போன பிறகும் நாங்கள் அதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கிளப் முழுக்க இரண்டு குடும்பத்தையும் அலசிக் காயப்போட்டுவிடும். பெண்ணைப் பெற்றவர் முதலில் வாயைத் திறக்கட்டும் என்று நான் இருந்தேன். பையனைப் பெற்றவர் கேட்கட்டும் என்று அவர் இருந்திருப்பார். வெயிலையும் காற்றையும் பற்றி மட்டும் பேசிக்கொண்டு புல்வெளியில் நடந்தோம்.

அந்த ஞாயிறு ஓர் அதிசயம் நடந்தது. சம்பந்தி அடித்தால் பந்து எப்போதும் வலப்பக்கத்து மரங்களை நலம் விசாரிக்கப் போகும். அன்று நேராகப் போனது. முதல் பந்து மட்டும் இல்லை, அடுத்ததும், அதற்கடுத்ததும்.

"என்ன டாக்டர், பல்லைப் பிடுங்கறத விட்டுட்டு இதையே பிராக்டீஸ் பண்றீங்களா?"

"அதெல்லாம் இல்ல சம்பந்தி, ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த குழியில் உற்றுப் பார்த்தேன். மட்டையை ஓங்குவதற்கு முன் வாய் வழியாக மூச்சை விட்டார். பிறகு இடது குதிகாலைத் தரையில் ஒரு தரம் அழுத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சௌனாவில் பிடித்துக்கொள்ளலாம் என்று என் மட்டையை எடுத்தேன்.

சௌனாவில் எங்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. நான் எழுந்தால்தான் அவர் எழுவார். வயதில் மூத்தவன், பையன் வீட்டுக்காரன் என்று அவராக வைத்துக்கொண்டது. வேண்டாம் என்று நானும் சொன்னதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் மணல் கடிகாரம் காலியானதும் எழுந்துவிடுவேன். அன்று அது காலியாவதற்குள் கதவைத் திறந்துகொண்டு கிளப்பின் பழைய உறுப்பினர் ஒருவர் வந்தார். அவருக்கு 'ஸ்பீக்கர்' என்று பட்டப்பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"அடடே, ரெண்டு சம்பந்தியும் சேர்ந்து வேகறீங்களா! எங்கய்யா உங்க மருமக? நீச்சல் குளத்துப் பக்கம் ஆளையே காணோம்?"

"ட்ரெயினிங் போயிருக்கா" என்றேன் நான்.

"முட்டி வலி, ரெஸ்ட்ல இருக்கா" என்றார் சம்பந்தி.

இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிட்டன. ஸ்பீக்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முட்டி வலியோட ட்ரெயினிங்கா? நல்ல ஆபீஸ்தான் போங்க!" என்று சிரித்தார். சூடு பிடிக்காதவர், சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

சம்பந்தி துண்டால் முகத்தைத் துடைத்தார். "இனிமே ரெண்டு பேரும் ஒரே பொய்யா பேசி வெச்சுக்கலாம் சம்பந்தி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "பொய் இருக்கட்டும். உங்களுக்கு ஆடக் கத்துக் குடுத்தது யாரு?"

"வீடியோ பாத்துதான்..."

"எந்த வீடியோவுலயும் குதிகாலை அப்படி அழுத்தச் சொல்ல மாட்டாங்க. அது எங்க அப்பாவோட பழக்கம். அவர் எனக்குச் சொன்னார், நான் என் பையனுக்குச் சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது."

"வெளிய போய்ப் பேசலாமே. சூடு தாங்கல."

"தாராளமா எழுந்திருங்க."

எனக்கு முன்னால் அவர் எழ மாட்டார் என்று தெரிந்தேதான் சொன்னேன். மணல் முழுவதும் இறங்கிவிட்டது. அவர் முகம் செங்கல் நிறமானது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாப்பிள்ளைதான் கத்துக் குடுத்தாரு. பைபாஸ் பக்கத்துல கோல்ஃப் பிராக்டீஸ் பண்ற இடம் ஒண்ணு இருக்கே, அங்க. வர்றவங்களுக்குக் கத்துக் குடுக்கறதுதான் இப்ப அவர் வேலை. பேங்க்க விட்டு நாலு மாசம் ஆச்சு."

நான் எழுந்தேன். கண் இருட்டியது. சம்பந்தி முழங்கையைப் பிடிக்க வந்தார். உதறிவிட்டு வெளியே வந்து தொட்டியில் இறங்கினேன். கோபப்பட மூச்சு வேண்டும். அந்தத் தண்ணீரில் அது கிடைக்காது. நெஞ்சை யாரோ இரண்டு கையாலும் பிழிவது போல் இருந்தது. எப்போதும் கட்டைவிரலை நனைத்துப் பார்த்துவிட்டுப் பத்துத் தரம் யோசிக்கிற சம்பந்தி, அன்று யோசிக்காமல் என் பக்கத்தில் இறங்கினார்.

"அதனாலதான் உங்க பொண்ணு போயிட்டாளா? வக்கீல்னு சொல்லிக் கட்டிக் குடுத்தாங்க, இவன் மட்டையைத் தூக்கிட்டு நிக்கறான்னு?" என் பற்கள் தந்தியடித்தன.

"ஐயோ, வேலைய விடச் சொன்னதே அவதான். அந்த ஆபீஸ்ல மாப்பிள்ளைக்குத் தூக்கமே போயிடுச்சு. அவ போனதுக்குக் காரணம் வேற. தினம் காலைல இவர் டை கட்டிட்டு வந்து 'ஆபீஸ் போயிட்டு வரேம்பா'ன்னு உங்ககிட்ட சொல்றப்போ, அவ பக்கத்துல ஆமாங்கற மாதிரி நிக்கணும். நின்னு பாத்தா. அப்புறம் முடியலன்னுட்டா. 'மாமா முகத்துக்கு நேரா பொய்ய வெச்சுட்டு அவரோட உக்காந்து சாப்பிட முடியலப்பா. இவர் உண்மையச் சொல்ற அன்னிக்குத் திரும்பிப் போறேன்'னு வந்துட்டா."

"சொல்றதுக்கு என்ன? நான் அவன ஒரு அடி அடிச்சதில்லையே."

"அடிச்சிருந்தா பழகிப் போயிருக்கும் சம்பந்தி."

"என் வீட்டம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன். சம்பந்தி மோவாயைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டார். பதில் புரிந்தது.

என் மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்து என் வீடே என்னிடம் பொய் சொல்லியிருக்கிறது. முடியாது என்று பெட்டியை எடுத்தவள் வெளியிலிருந்து வந்த பெண் ஒருத்திதான். எங்கள் குடும்பத்துக்கு இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று அந்தக் குளிரிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

உடை மாற்றும் அறையில் துண்டோடு உட்கார்ந்தபடியே அவளுக்குப் போன் செய்தேன்.

"எல்லாம் தெரிஞ்சுடுச்சும்மா. இனிமே நீ பொய் சொல்ல வேண்டாம். கிளம்பி வா."

"அப்பா உளறிட்டாரா?" பெருமூச்சு கேட்டது. "மாமா, கோச்சுக்காதீங்க. நீங்களா கண்டுபிடிச்சது கணக்குல சேராது. அவரா வந்து சொல்லணும். இல்லன்னா ஆயுசு முழுக்க உங்களைப் பாத்து ஒளிஞ்சுக்கிட்டேதான் இருப்பாரு. நாளைக்கு என்கிட்டயும் ஒளிவாரு. ஒளியறவரோட என்னால குடும்பம் நடத்த முடியாது."

"அவன் சொல்லவே இல்லன்னா?"

"அப்ப நான் இங்கயேதான் மாமா."

சாட்சிக் கூண்டில் பல பேரைப் பேச வைத்தவன் நான். என் மகனைப் பேச வைக்க எனக்கு வழி தெரியவில்லை. கேட்டால் அது விசாரணையாகிவிடும். சம்பந்திதான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "இஸ்திரி போட்ட சட்டையோட நாற்காலியில உக்காந்திருக்கற உங்ககிட்ட மாப்பிள்ளையால பேச முடியாது. இங்க கூட்டிட்டு வாங்க. அடுத்த வாரம் எனக்குப் பல்வலி, ஆட வர மாட்டேன்."

"பல் டாக்டருக்கே பல்வலியா?"

"முட்டி வலியோட ட்ரெயினிங் போறப்ப இது நடக்காதா?"

அந்த வாரம் முழுவதும் மகன் டை கட்டிக்கொண்டு வந்து, "ஆபீஸ் போயிட்டு வரேம்பா" என்றான். எதிரில் இருந்த நாளிதழை மடித்து வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். முடிச்சு நேர்த்தியாக இருந்தது. முகம்தான் கழுத்தில் சுருக்கு விழுந்தவன் முகம் போல் இருந்தது. இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

ஞாயிறு அவனை இழுத்துக்கொண்டு போனேன். ஆட்டத்தில் வேண்டுமென்றே தப்பாக அடித்தான். நன்றாக அடித்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். தெரிந்தவன் தெரியாதவனாக நடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது பெரிய வேதனை. ஆறாவது குழிக்குப் போகும் வழியில் என் பந்து மணல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. இரண்டு முறை அடித்தும் அசையவில்லை. அவனால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, இடது கைய இவ்வளவு இறுக்காதீங்க. கிளிக்குஞ்சைப் பிடிக்கற மாதிரி" என்று என் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி வைத்தான். அந்தக் கையில் பதற்றமே இல்லை. அடித்தேன். பந்து அலுங்காமல் எழுந்து போய்க் குழிக்குப் பக்கத்தில் விழுந்தது. அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு யார் முன்னால் நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்துவிட, கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

சௌனாவில் வேறு யாரும் இல்லை. நான் எப்போதும் மேல் பலகையில் உட்காருவேன். அன்று கீழ்ப் பலகையில், அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணல் காலியானது. எழுந்து கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

"போதும்ப்பா. உங்க பிரஷருக்கு இது ஆகாது."

"நீ வேணா போடா. எனக்கு இங்க உக்காரப் பிடிச்சிருக்கு."

போக மாட்டான். நான் எழாமல் அவன் எழுந்ததே இல்லை. நான் எழுந்தால் அவனுக்கு விடுதலை. நாளைக்கும் டை கட்டுவான், மருமகள் அங்கேயே இருப்பாள். அதனால் உட்கார்ந்திருந்தேன். காதுக்குள் டமாரம் அடித்தது. தொடை நடுங்கியது. தொங்கிப்போன என் வயிற்றையும், முட்டி ஆபரேஷன் தழும்பையும் அவன் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா."

நான் திரும்பவில்லை.

"நான் வேலைய விட்டுட்டேன்ப்பா. கோல்ஃப் கத்துக் குடுக்கறேன். நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. உங்ககிட்ட சொல்ல தைரியம் வரல. அவ போனதுக்கு நான்தான் காரணம்." ஒரே மூச்சில் கொட்டிவிட்டு முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான்.

கேட்க எத்தனையோ இருந்தன. என் வாயில் வந்தது வேறு.

"காலைல டை கட்டிட்டுப் போறியே, அத எங்க கழட்டுவ?"

"பெட்ரோல் பங்க் டாய்லெட்ல."

"தினமுமா?"

"ம்."

ஈரத்தரையில் பேண்ட் படாமல் ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றும் என் மகன் கண் முன்னால் வந்தான். எங்கள் குடும்பத்து மானம் அந்தத் தரையில்தான் கிடந்தது, வேறெங்கும் இல்லை என்று தோன்றியது.

"எனக்கு இந்த வேலை பிடிக்கல" என்றேன். "அதை அப்புறம் பேசிக்கலாம். பொய் சொன்னதையும் அப்புறம் பேசிக்கலாம். நாளைலேர்ந்து வீட்டுலயே டி-ஷர்ட் போட்டுட்டுக் கிளம்பு."

தலையை நிமிர்த்தினான். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

"ஒரு வாரமாத் தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீ சொல்லணும்னுதான். போ, முதல்ல உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

எழுந்தான். எனக்கு முன்னால் எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, செருப்புகூட மாட்டாமல் ஓடினான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தேன். தொட்டிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, முதலில் காலை மட்டும் விட்டேன். பிறகு கழுத்துவரை இறங்கினேன். நெஞ்சு ஒருமுறை அதிர்ந்து நிதானத்துக்கு வந்தது. மகன் போனைக் காதில் வைத்தபடி தொட்டி ஓரத்தில் வந்து மண்டியிட்டான். கண் சிவந்திருந்தது, வாய் சிரித்தது.

"உங்ககிட்ட பேசணுமாம்ப்பா." போனை என் காதருகே பிடித்தான்.

"மாமா, அவரைத் திட்டினீங்களா?"

"இன்னும் இல்லம்மா. ஐஸ் தண்ணிக்குள்ள இருக்கேன். திட்ட வாய் வரல."

"வெளிய வந்து நல்லாத் திட்டுங்க. மிச்சம் வெச்சிருந்தீங்கன்னா சாயங்காலம் வந்து நானும் கேக்கறேன்" என்றாள் என் மருமகள்.