கூடுதல் புள்ளிகள்

அப்பாவின் வலது கை சட்டைக்குள் போக மறுத்தது. உயிரோடு இருந்தபோதும் அவர் லேசில் வளைந்து கொடுத்தவரில்லை. அம்மா தோளைத் தூக்கிப் பிடிக்க, மகள் மெல்லக் கையை நுழைத்தாள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். எடுத்துப்போகும் வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது.

"மெதுவாடி, வலிக்கப்போகுது," என்றாள் அம்மா. சொன்ன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அப்பா மலைமேலிருந்த சின்ன ஆய்வகத்தில் தனியாளாகச் சூரியனை வரைந்தவர். தொலைநோக்கி வழியே தாளில் விழும் பிம்பத்தில் கரும்புள்ளிகளைப் பென்சிலால் குறிக்க வேண்டும். மேகம் மறைத்தால் மட்டும் விடுமுறை. தலைமுறை தலைமுறையாக இப்படிப் பலர் வரைந்த படங்களைச் சேர்த்து ஒரே நீண்ட பதிவாக்குவது காப்பகத்தில் மகளின் வேலை. ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு மாதிரி. அதை அளந்து பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். ஒருவர் கள்ளத்தனம் செய்தால் மொத்தப் பதிவும் கெட்டுப்போகும்.

அப்பாவின் பணிக்காலத்துக் கடைசி நான்கு வருடப் படங்களில் மட்டும் புள்ளிகள் திடீரென்று கூடியிருந்தன. அப்போது அவருக்குக் கண்புரை. கண் மங்கியவருக்கு அதிகம் தெரிவதாவது! அந்த வருடங்களை அவள் தொகுப்பிலிருந்து நீக்கினாள். போன மாதம் அவரிடமே கேட்டும்விட்டாள்: "இல்லாததை எதுக்குப்பா போட்டீங்க?"

அவர் செய்தித்தாளை மடித்தார். "உனக்குச் சரின்னு பட்டதைச் செய்மா," என்றார். அதன்பிறகு அவர் அவளுடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டதால் வாயடைத்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள். அவர்மேல் கோபம்கூட இருந்தது.

அம்மா பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள். "அந்தப் படமெல்லாம் உங்க ஆபீஸ்ல பத்திரமா இருக்குல்ல? கடைசில போட்டதெல்லாம் நான்தான். இனிமே சொன்னா யாரு கேக்கப் போறா?"

"நீயாம்மா?" என்றாள் மகள்.

"நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்தே. அவருக்குப் பார்வை சுத்தமா மங்கிப்போச்சு. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். அவர் தாளை மாட்டிக் குடுப்பாரு, நான் உக்காந்து குறிப்பேன். எனக்குத்தான் ஊசில நூல் கோக்குற கண்ணாச்சே. பொடிப்பொடிப் புள்ளியெல்லாம் தெரியும். 'அத்தனையும் போடாதே, மாட்டிக்குவோம்'னு சிரிப்பாரு. இருக்குறதை எப்படி விடுறது? போட்டேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீயும் இந்த வேலைக்கே வந்துட்டியே. தெரிஞ்சா நீ மறைக்கவேண்டி வரும், புள்ளையை மாட்டிவிடாதேன்னாரு."

"அதையெல்லாம் நான் எடுத்துட்டேன்மா. அப்பா பொய்யாப் போட்டார்னு நெனச்சேன்."

அம்மா நிமிர்ந்தாள். "அவர்கிட்ட சொன்னியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சரின்னு பட்டதைச் செய்னாரு."

அம்மா குனிந்து அப்பாவின் காலரை வெடுக்கென்று இழுத்துச் சரிசெய்தாள்.

"வாயைத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

பதிலுக்குக் காத்திருப்பவளைப்போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது. கதவைத் திறக்க இருவரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.