திருப்பிக் கொடுத்த நாற்பது நிலா கேக்

இலையுதிர்காலப் பௌர்ணமி நெருங்கினால் லாம் அம்மாவின் பலகாரக் கடையில் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நான் தாமரை விதைகளைப் பிளந்து கசப்புக் குருத்தை எடுப்பேன். யுன்ஹிங் அச்சுக்காரி. விதை விழுதையும் உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கருவையும் மாவுக்குள் பொதிந்து, மர அச்சில் அழுத்தி, மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுவாள். நிலா கேக் அவள் கையில் வந்து விழும். அவளுடைய அச்சில் பூவுக்கு ஓர் இதழ் உடைந்திருந்தது.

அந்த வருடம் மீன்குளக்காரர் க்வோங் வீட்டுக்கு நாற்பது கேக். அத்தனையும் அவள் அடித்தது. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் வீடு திரும்பியவளை எதிர்வீட்டுக்காரி வாய் நிறையக் கேக்கோடு வழிமறித்தாள்.

"கல்யாணப் பொண்ணே, வா வா! உங்க அண்ணி இப்பத்தான் குடுத்துட்டுப் போனா. ரெண்டாந்தாரம்னா என்ன, குளம் ஒம்போது இருக்கே!"

எதிர்வீட்டுக்காரி கையிலிருந்த பாதிக் கேக்கில் இதழ் உடைந்த பூ.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும் கேக்கை வாங்கித் தெருவுக்குப் பங்கிட்டால் சம்மதம் என்று அர்த்தம். யுன்ஹிங்கிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சம்மதத்தைத் தெருவே தின்று முடித்திருந்தது.

அண்ணன் பாக்சுன் தணிவாகத்தான் பேசினான். "உனக்கு இருபத்தாறு ஆச்சும்மா. எல்லாரும் தின்னாச்சு. இனி என்ன பண்ண முடியும்?"

"தின்னது நீங்க. நான் ஒரு துண்டு தொடல."

மறுநாள் காலை லாம் அம்மா முன்னால் போய் நின்றாள். "என் கூலியில புடிச்சுக்குங்க. எனக்கு நாப்பது கேக் வேணும். நானே அடிச்சுக்கிறேன்." காரணத்தையும் சொன்னாள்.

"க்வோங் வீடு நமக்குப் பெரிய வாடிக்கை. தெரியும்ல?"

"தெரியும்."

லாம் அம்மா மாவுப் பாத்திரத்தை அவள் பக்கம் தள்ளினாள். "மாவுல கொழுப்பக் கம்மி பண்ணாத. கடைப் பேரு கெட்டுரும்."

பண்டிகையன்று காலை நானும் யுன்ஹிங்கும் ஆளுக்கொரு கூடையாகத் தூக்கிக்கொண்டு போனோம். க்வோங் வீட்டுக் கூடத்தில் விருந்தாளிகள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கேக்கை எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கு."

"நேத்து சுட்டது, பெரியம்மா. மூணு நாள் வெச்சா எண்ணெய் ஊறி மெதுவாயிடும். நீங்க அனுப்புன நாப்பதுக்கு நாப்பது இருக்கு."

அந்தம்மாவின் முகம் சிவந்தது. "பண்டிகையும் அதுவுமா திருப்பிக் குடுக்கிறியா? குடும்பம் ஒண்ணு சேரணும்னுதாண்டி இத வட்டமா செய்யிறது!"

"அது தெரிஞ்சுதான் திருப்பித் தரேன். எனக்குச் சேர இஷ்டமில்ல."

"உன் அண்ணன் வாங்கிட்டானே!"

"அப்ப அவனையே கட்டிக் கூட்டிட்டு வாங்க."

நான் சிரித்துவிட்டேன். எனக்குப் பின்னால் இன்னும் யாரோ சிரித்தார்கள். அப்போது நாற்பது வயதுக்காரர் ஒருவர் எழுந்து வந்தார். மாப்பிள்ளைதான்.

"உங்கிட்ட கேட்டாங்கன்னு எங்கிட்ட சொன்னாங்க," என்றார்.

"கேக்கல."

அவர் தம் கையாலேயே இரண்டு கூடைகளையும் உள்ளே எடுத்து வைத்தார்.

நாங்கள் கடைக்குத் திரும்புவதற்குள் சங்கதி அண்ணன் காதுக்குப் போய்விட்டது. இனி வாசல்படி மிதிக்கக் கூடாது என்று ஆள்விட்டுச் சொன்னான். எங்கள் ஊரில் பெண்ணுக்குக் கல்யாணத்தன்றுதான் கொண்டை போட்டுவிடுவார்கள். கல்யாணமே வேண்டாமென்று சபதம் செய்து, தாங்களே கொண்டை போட்டுக்கொண்ட பட்டு ஆலைப் பெண்கள் ஏழு பேர் ஆற்றங்கரையில் ஒரே வீட்டில் இருந்தார்கள். யுன்ஹிங் அங்கே போனாள். நானும் கூடப் போனேன்.

நிலா எழும்பியதும் முற்றத்தில் மேசை போட்டு, பொமெலோ பழமும் சேப்பங்கிழங்கும் வைத்துக் கும்பிட்டோம். முந்தின நாள் சுட்டதில் மிஞ்சிய ஒரு கேக்கைத் தலைக்கு ஒன்றாக ஒன்பது துண்டு போட வேண்டும். யுன்ஹிங் கத்தியை எடுத்தபோது அண்ணி துணிமூட்டையோடு வந்து நின்றாள்.

"உன் துணி. அவரு தெருவுல எறியச் சொன்னாரு," என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு. மூட்டைக்குள் துணி ஒவ்வொன்றும் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது.

யுன்ஹிங் பத்தாக வெட்டினாள். ஒரு துண்டை நீட்டினாள். அண்ணி நின்றபடியே தின்றாள்.

"எப்படி இருக்கு அண்ணி?"

"ரொம்பக் கெட்டி."

"ஆமா, கெட்டிதான்," என்றாள் யுன்ஹிங்.

அந்தக் குளிர்காலத்தில் அவளும் கொண்டை போட்டுக்கொண்டாள்.