திருவிருந்துத் தடை

சபை மூப்பர்களின் அறைக்கு வெளியே இஸ்திரி அக்கா காத்து நின்றாள். உள்ளே ஜெபம் முடிகிற பாடில்லை. புதுச் சுவரின் சுண்ணாம்பு வாடை மூக்கை அரித்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

இந்தச் சபை பிறந்ததே அவள் வீட்டுச் சமையலறையில்தான். சலவை ஆலையில் வேலை முடிந்து வரும் பெண்கள் நாலைந்து பேர், ஊறிப்போன கால்களோடு அடுப்படியில் உட்கார்ந்து பாடத் தொடங்கினார்கள். நாளடைவில் வாசலில் செருப்பு விட இடமில்லாமல் போனது. ஆலைக்குப் பின்னால் இருந்த நிலத்தை மேனேஜர் ஆலயம் கட்டக் கொடுத்தார். பிரஸ்பிட்டேரியன் சபை என்று பெயர்ப்பலகை ஏறியது. "நமக்கு பிஷப் கிடையாது, நீங்க தேர்ந்தெடுக்கிற மூப்பர்கள்தான் சபையை நடத்துவாங்க" என்று விளக்கிய போதகர், முதல் பெயராக மேனேஜரைச் சொன்னார். எல்லாக் கைகளும் எழும்பின. திங்கட்கிழமை அந்த முகத்தில்தானே விழிக்க வேண்டும்? அக்காவும் தூக்கினாள்.

போன மாதம் அவள் நாத்தனாரின் வலது கையை இஸ்திரி உருளை உள்ளே இழுத்துக்கொண்டது. விரல் போகாமல் காக்கும் தடுப்பு அதில் இல்லை. வேலை மந்தமாகிறது என்று மேனேஜர்தான் கழற்றச் சொல்லியிருந்தார். கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். தடுப்பை மாட்டும்வரை துணியைத் தொடமாட்டோம் என்று பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். அக்காதான் முன்னால்.

கதவு திறந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் போதகர், மேனேஜர், இன்னும் இரண்டு மூப்பர்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"சபையில பிரிவினை உண்டாக்கிட்டியேம்மா," என்றார் போதகர். "மூப்பர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வேலைக்குப் போ. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை திருவிருந்து அப்பத்துல உனக்குப் பங்கில்ல."

"இது சபை எடுத்த முடிவா ஐயா, ஆலை எடுத்த முடிவா?"

"ரெண்டையும் போட்டுக் குழப்பாதே," என்றார் மேனேஜர்.

"குழப்பினது நானா? அங்க இருந்த தடுப்பைக் கழட்டினீங்க. இங்க வந்து எனக்குத் தடுப்பு போடுறீங்க."

ஒரு மூப்பர் இருமினார். போதகர் வேதத்தைப் புரட்டினார், எதையும் வாசிக்கவில்லை.

"கை போனவகிட்ட யாரு மன்னிப்பு கேப்பா?"

"அது விபத்தும்மா," என்றார் போதகர்.

"அப்ப என் வாயிலயும் அந்த வார்த்தை வராது."

அவள் சாத்திய வேகத்தில் கதவு நிலையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் நாத்தனார். மருத்துவமனையில் கிடந்ததால் அவள் மறியலுக்கு வரவில்லை. அதனால் தடையும் இல்லை. அப்பத் தட்டை மேனேஜர் ஏந்தி வந்தார். நாத்தனார் இடது கையால் ஒரு துண்டை எடுத்தாள். தட்டு உயர்ந்து, அக்காவின் தலைக்கு மேலாகப் பின்வரிசைக்குப் போனது.

நாத்தனார் அப்பத்தை அவள் பக்கம் நீட்டினாள்.

"பாதி நீ பிட்டுக்க அண்ணி. ஒத்தக் கையால எனக்குப் பிட வரல."