ஸெலி நிறுத்திய இடம்

ஸெலி ஒத்மேர் எங்கள் ஊர் அரங்கத்தில் பியானோ வாசித்த சனிக்கிழமை மாலை, அவள் இரண்டாம் பக்கம் புரட்டுவதற்குள் எங்கள் கணுக்கால் வரை கடல் ஏறிவிட்டது. உப்பு நீர்தான், ருசி பார்த்தோம். வெளியே கடல் வற்றிக்கிடந்த நேரம். படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தன. நார்மண்டிக் கரைக்காரர்களுக்குத் தண்ணீர் என்ன புதிதா? யாரும் எழுந்து ஓடவில்லை. பெண்கள் பாவாடையைச் சற்றுத் தூக்கிக்கொண்டார்கள், ஆண்கள் தொப்பியைப் பத்திரப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பெண் பாரிஸில் புதுப் பாணி இசை படித்துவிட்டு வேலை தேடி வந்தவள். போக வேறு இடமில்லை. மருந்துக்கடைக்காரரும் மேயருமான கோஸ்லான் நிபந்தனை போட்டிருந்தார்: அரங்கம் கைதட்டினால் ஊரின் இசை ஆசிரியை வேலை அவளுக்கு, இல்லையென்றால் காலை ரயில். மனிதருக்குப் பட்டாள அணிவகுப்பு மெட்டு ஒன்றுதான் இசை. இவள் வாசித்ததிலோ பிடித்துக்கொள்ள மெட்டே இல்லை. மேகம் கலைவதும் அலை திரும்புவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. பேச்சுவார்த்தை அற்றுப்போன சம்பந்திகள் இருவர் ஒரே நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன பாலாடைக்கட்டி வியாபாரி, அழுதுகொண்டிருந்த பக்கத்துச் சீட்டுக்காரிக்குக் கைக்குட்டை கொடுத்து, திரும்பக் கேட்கவில்லை.

“இது பாட்டா, ஓட்டைக் கூரையா?” என்றார் மேயர்.

சிப்பி விற்கும் ஃபிலோமேன் நாற்காலிக்கடியில் குனிந்து, தண்ணீரோடு வந்த சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “சும்மா இருங்க மேயரே, நல்லாத்தான் போகுது. என் கூடை நிறையுதுல்ல!”

நீர் முழங்காலைத் தொட்டபோது ஸெலி ஒரு சுரத்தை அந்தரத்தில் விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்தாள். சிக்கல் அங்கேதான். எங்கள் அரங்கத்தில் முதல் கைத்தட்டல் ஒனெஸிமுடையது. அதற்கென்றே கூலிக்கு வைத்திருக்கும் ஆள். அவருக்கு முன்னால் தட்டி மானம் கெட எங்களில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. அவரோ தூக்கிய கையோடு திருதிருவென்று விழித்தார். “கடைசிச் சுரம் எங்கய்யா போச்சு? முடிஞ்சிருச்சா, இல்லையா?” ஸெலியின் காது சிவந்துகொண்டே வந்தது. பாவம், பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போது மேயர் வாயில் விரலை வைத்து விசிலடித்தார். அரங்கத்தில் அதற்கு ‘நடையைக் கட்டு’ என்று அர்த்தம். ஆனால் தண்ணீர்மேல் விசிலடித்தால் காற்று வரும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். உள்நாட்டிலிருந்து வந்து குடியேறிய மனிதருக்கு எப்படித் தெரியும்? காற்று வந்தது. திரைச்சீலை பாய்போலப் புடைத்தது. பியானோ ஸெலியோடு மேடையிலிருந்து இறங்கி, வாசலை நோக்கி, அதாவது ரயிலடிப் பக்கமாக மிதக்க ஆரம்பித்தது.

“அடப் பாவி மனுஷா, தண்ணில நின்னுக்கிட்டு விசிலா அடிக்கிறே!” என்று கத்திக்கொண்டே ஃபிலோமேன் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். சிப்பி திறந்து திறந்து காய்த்துப்போன கை; பளீரென்று கேட்டது. பின்வரிசைக்காரர்கள் அதைக் கைத்தட்டல் என்று நினைத்துவிட்டார்கள். தன் வேலையை எவனோ முந்திக்கொண்டான் என்று பதறிய ஒனெஸிம் வெறிபிடித்தவர்போலத் தட்டினார். அப்புறமென்ன, கூரை அதிர நாங்களும் தட்டினோம். காற்று அடங்கி, பியானோ நடுவரிசை அருகே தரைதட்டி நின்றது.

மேயர் முதுகைத் தேய்த்தபடி முன்னால் வந்தார். சொன்ன சொல்லை மாற்றுகிறவரில்லை, அந்த மட்டும் நல்லவர். “சரிம்மா, வேலை உனக்குத்தான். பாட்டு முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“முடியலைங்களே,” என்றாள் ஸெலி. “அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தணும். அதுக்குள்ள நீங்க எல்லாரும் தட்டிட்டீங்க.”

“இன்னும் எவ்வளவு இருக்கு?”

அவள் மிச்சப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். “இருக்குங்க, நிறைய.”

அதற்குப் பிறகு ஸெலி இங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளைகள் பெற்றாள், லேசாகப் பருத்தும்விட்டாள். மிச்சத்தைச் சனிக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கிறாள். எப்போது முடியும் என்று யாரும் கேட்பதில்லை. போன வாரம் தண்ணீர் இடுப்பு வரை வந்தது. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்டோம்.