மூன்று மணிக் கல்யாணமும் இரண்டு சாவிகளும்

கெயில் ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில், ஈர வேர்களுக்கு மேலே, புத்தியுள்ளவர்கள் நடக்கவே யோசிக்கும் காட்டுப் பாதையில். கையில் ஒரு கார் சாவி. இந்நேரம் அவளிடம் இருக்கவே கூடாத சாவி.

எல்லாம் கணவன் வேட் போட்ட திட்டம். வேட்டின் திட்டங்கள் மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் வரும். மற்ற ஆபத்துகளுக்கு உறை கிடையாது. அவனும் கெயிலும் கடற்கரையில் காரை விட்டுவிட்டுக் காட்டை நோக்கி நடப்பார்கள். அவன் தங்கை லோர்னாவும் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் மாப்பிள்ளை டென்னிஸும் காட்டு முனையில் காரை விட்டுவிட்டுக் கடலை நோக்கி வருவார்கள். நடுவிலிருக்கும் மரப்பாலத்தில் சாவிகளை மாற்றிக்கொண்டால், யாரும் வந்த வழியே திரும்ப வேண்டாம்.

மூன்று மணிக்கு லோர்னாவின் கல்யாணம். அன்று காலையிலும் சேற்றில் நடந்தே ஆக வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் அதுதான் மங்கள ஸ்நானம்.

பாலத்தில் சந்தித்தார்கள். கட்டிப்பிடித்தார்கள். கெயில் கையை நீட்டினாள். லோர்னா பைக்குள் கைவிட்டு, ஒரு பிடி பாதாமும் திராட்சையும் எடுத்து அதில் கொட்டினாள். டென்னிஸ் ஒரு மஞ்சள் நத்தையை எட்டுக் கோணங்களில் படம் பிடித்தான். எல்லோரும் 'அற்புதம்' என்றார்கள். பிரிந்தார்கள்.

கால் மணி நேரம் கழித்து வேட் தன் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தான்.

"கெயில், ஒரு சின்ன விஷயம்..."

போன வருஷம் அவன் படகைக் கவிழ்த்ததும் சின்ன விஷயம்தான்.

"நீ ஓடிப் போய்ச் சாவியை மாத்திட்டு வந்துடு. எனக்கு முழங்கால்."

"எனக்கு மட்டும் என்ன, சக்கரமா இருக்கு?"

ஆனாலும் ஓடினாள். வேறு வழியில்லை. கடலோரத்தில் ஒரு பாறைமுனை இருக்கிறது. தண்ணீர் வற்றியிருக்கும்போது மட்டும் அதன் அடிவாரத்தைச் சுற்றிப் போகலாம். லோர்னா அதைத் தாண்டி, பின்னால் அலை ஏறிவிட்டால், சாயந்திரம் வரை யாரும் அதைக் கடக்க முடியாது. இரண்டு முனைகளில் இரண்டு கார்கள், இரண்டுக்கும் தப்பான சாவிகள். போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. நாற்பது மைலுக்கு அப்பால் பாதிரியார், எண்பது விருந்தாளிகள், சுட்ட சால்மன் மீன்.

எதிரே ஒருவர், மழைக்கோட்டு போட்ட நாயோடு வந்தார்.

"ஒரு ஜோடி இப்படிப் போச்சா?"

"இப்பதான்! பக்கத்துலதான் இருப்பாங்க. பிரமாதமா ஓடுறீங்க!"

இந்தப் பாதைகளில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். எதுவும் பக்கத்தில் இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

காடு முடிந்தது. சாம்பல் நிறக் கடல். பாறைமுனையின் காலடியில் முதல் அலை ஏற்கெனவே நுரைத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கம், கரை ஒதுங்கிய ஒரு மரத்தின் மேல் லோர்னா சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

"லோர்னா! சாவி! எந்திரிடி, இன்னும் நேரம் இருக்கு! டென்னிஸ் எங்க?"

"அந்தப் பக்கம் போயிட்டான். ஷூ லேஸ் கட்டிட்டு வரேன், நீ போன்னு சொன்னேன்."

கெயில் குனிந்து பார்த்தாள். லோர்னா போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ். அதில் லேஸே கிடையாது.

"அவன் பாக்கலையா?"

"கடல் சிங்கத்தைப் படம் பிடிச்சிட்டிருந்தான்." அவள் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள். "உக்காரு, மூச்சு வாங்குது உனக்கு. அவன் என்னைக் கட்டிக்கிறியான்னு எங்க வச்சுக் கேட்டான், தெரியும்ல? விமானத்துல. மொத்த விமானமும் கை தட்டிச்சு. முப்பதாயிரம் அடி உயரத்துல மாட்டேன்னு சொல்லிட்டு எங்கடி எறங்கிப் போறது?"

அடுத்த அலை பாறையில் மோதி வழியை விழுங்கியது. அந்தப் பக்கத்திலிருந்து டென்னிஸின் குரல் எதையோ 'அற்புதம்' என்றது.

"சாவியை மறந்தது கூட நல்லதாப் போச்சுன்னு சொல்லப் போறியா?" என்றாள் கெயில்.

லோர்னா பைக்குள் கைவிட்டுத் தன் கார் சாவியை எடுத்தாள். பாலத்தில் கெயில் நீட்டிய அதே கையில், இந்த முறை சாவியை வைத்தாள்.

"யாரு மறந்தா? நீ கை நீட்டினப்போ இது என் விரல்லதான் இருந்துச்சு. அதை விட்டுட்டுத்தான் பாதாமை அள்ளினேன்."