பொமரேனியாவின் வெள்ளைக் காலர்

ஜெர்மனியின் ஹனோவரில் வைதேகிக்கு அறை கிடைத்த வீட்டில் ஒரு பட்டாளமே குடியிருந்தது. எல்லாம் ஈயப் பொம்மைகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் பாதி உயரம். வீட்டுக்காரி ஃபிராவ் பாகெல், அதாவது திருமதி பாகெல், அவற்றுக்கு வண்ணம் தீட்டுவார். கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்த ஹெர் ஷோல்ஸ், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், களிமண்ணில் மலையும் அட்டையில் பாலமும் செய்வார். நெப்போலியனை எதிர்த்துப் பிரஷ்யப் படை கிளம்பும் காட்சியை 1971 கோடையில் நகரப் பொம்மைக் கண்காட்சியில் வைப்பதாக இருவருக்கும் திட்டம்.

திருச்சியிலிருந்து பெயிண்ட் வேதியியலில் ஆய்வு செய்ய வந்தவள் வைதேகி. ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு அவளையும் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் ஒருநாள் ஃபிராவ் பாகெல் கேட்டார்: "சேஷாத்ரின்னா எந்த ஊர்ப் பேர்?"

"ஊர்ப் பேர் இல்லை, எங்க அப்பா பேர். இங்கே பதிவு பண்ணினவங்க அதையே குடும்பப் பேரா எழுதிட்டாங்க."

ஹெர் ஷோல்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ நீங்க 1806க்கு முந்தின ரெஜிமெண்ட்! அந்தக் காலத்துல ரெஜிமெண்டுக்குத் தலைவர் பேர்தான். தலைவர் மாறினா பேரும் மாறிடும்."

"எங்க ஊர்லயும் அப்படித்தான். கல்யாணம் ஆனா தலைவர் மாறிடுவார்" என்றாள் வைதேகி.

மிச்சத்தை ஃபிராவ் பாகெல் சொன்னார். 1806இல் நெப்போலியனிடம் வாங்கிய அடிக்குப் பிறகு பிரஷ்ய ராஜா படையைக் கலைத்துப் புதிதாக அடுக்கினாராம். தளபதிகளின் பெயர்கள் போய், மண்ணின் பெயர்கள் வந்தன. கிழக்குப் பிரஷ்யா, பொமரேனியா, சிலேசியா என்று. காலர் நிறத்தைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கத்து ரெஜிமெண்ட் என்று சொல்லிவிடலாம். பொமரேனியாவுக்கு வெள்ளை, சிலேசியாவுக்கு எலுமிச்சை மஞ்சள்.

ஃபிராவ் பாகெல் பிறந்தது பொமரேனியாவின் கோல்பெர்க்கில். ஹெர் ஷோல்ஸ் சிலேசியாவின் பிரெஸ்லாவ்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஆளுக்கொரு பெட்டியுடன் ஹனோவர் வந்து சேர்ந்தவர்கள்.

கிறிஸ்துமஸுக்கு வைதேகி ஃபிராவ் பாகெலுக்கு நல்ல ஆளிவிதை எண்ணெய் ஒரு சீசா வாங்கிக் கொடுத்தாள். "இதுல குழைச்சா வெள்ளை பளபளன்னு நிக்கும்." அந்த எண்ணெயில் குழைத்த வெள்ளையால்தான் பொமரேனியர்களுக்கெல்லாம் காலர் ஏறியது. காய்ந்த பிறகு ஹெர் ஷோல்ஸ் அவர்களைப் பெட்டியில் அடுக்கி நிலவறையில் பத்திரப்படுத்தினார்.

ஏப்ரலில் பெட்டியைத் திறந்தால், பொமரேனியர்கள் அத்தனை பேரும் மஞ்சள் காலரோடு நின்றார்கள்!

ஃபிராவ் பாகெலின் முகம் சிவந்தது. "நிலவறைச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான். அதுக்கு?"

"சிலேசியாக்காரங்க இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாயிருக்கும்னு போன மாசம் சொன்னது யாரு?"

"அது வேடிக்கைக்குச் சொன்னது!"

"தூரிகையும் வேடிக்கைக்குத்தான் எடுத்தீங்களா?"

அத்தோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் காப்பியும் நின்றது. குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும் முறை யாருடையது என்பதற்குக்கூட வைதேகிதான் மாடிக்கும் கீழுக்கும் தூது போக வேண்டியிருந்தது.

பல்கலைக்கழக உணவகத்தில் இந்தக் கூத்தை ரகுநாதனிடம் சொல்லிச் சிரித்தாள். அவன் அவளுடைய ஆய்வகத்தில் வேலை செய்பவன். அவன் சிரிக்கவில்லை.

"வைதேகி, நீங்க குடுத்தது லின்ஸீட் ஆயில்தானே?"

"ஆமா, ஆளிவிதை எண்ணெய்தான்."

"இருட்டுல வெச்சா லின்ஸீட் ஆயில் மஞ்சளாகும்னு போன செமினார்ல ஸ்லைட் போட்டுக் காமிச்சது யாரு?"

வைதேகியின் கையிலிருந்த உருளைக்கிழங்கு முள்கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. அவள்தான் காட்டினாள். படித்ததெல்லாம் ஆய்வக வாசலோடு நின்றுவிட்டதே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அன்று மாலை இருவரையும் மாடிப்படிக்கு வரவழைத்து உண்மையைச் சொன்னாள். "தப்பு யாருதும் இல்லை. என் எண்ணெய்தான். ஆனா வெயில்ல வெச்சா மறுபடி வெளுத்துடும்."

"வெயிலா? ஹனோவர்லயா?" என்றார் ஹெர் ஷோல்ஸ். கடந்த சில வாரங்களில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது. ஃபிராவ் பாகெல் சிரிக்கவில்லை.

சிக்கல் வேறு விதமாக வந்தது. அந்த வீட்டில் நாள் முழுக்க வெயில் விழும் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அது ஹெர் ஷோல்ஸின் சமையலறையில் இருந்தது. ஃபிராவ் பாகெல் யோசித்தார். பிறகு தட்டில் படையை ஏந்திக்கொண்டு கீழே இறங்கினார். ஜன்னல் திட்டில் அவர்களை நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

"என் மேல இன்னும் நம்பிக்கை வரலையா?" என்றார் ஹெர் ஷோல்ஸ்.

"நம்பிக்கை வேற, காவல் வேற."

முதல் இரண்டு நாள் மேகம். வெறும் ஜன்னலைப் பார்த்து எத்தனை நேரம்தான் உட்கார முடியும்? மூன்றாம் நாள் ஹெர் ஷோல்ஸ் காப்பி போட்டுக் கொடுத்தார். ஆய்வகத்திலிருந்து வந்த வைதேகி காலர்களைப் பார்க்கக் குனிந்தபோது, ஃபிராவ் பாகெல் யாரிடம் என்றில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு காலருக்காக இவ்வளவு கோபம் எதுக்குன்னுதானே நினைக்கிறீங்க? எங்க ஊர் இப்போ போலந்துல இருக்கு. அதோட புதுப் பேரைச் சொன்னா எனக்கு நாக்கு சுளுக்கிக்குது. நான் பொமரேனியாக்காரின்னு சொல்ல இந்த வெள்ளையை விட்டா என்கிட்ட என்ன இருக்கு? பெட்டியைத் திறந்தப்போ அதுவும் இல்லாம போயிருந்தது."

மேகம் விலகி வெயில் திட்டின் மறுகோடிக்கு நகர்ந்திருந்தது. ஹெர் ஷோல்ஸ் எழுந்துபோய், ஒரு பொம்மையும் சாயாமல் தட்டை வெயில் பக்கம் தள்ளி வைத்தார். வைதேகி ஓசைப்படாமல் மேலே போனாள்.

மே மாதம் நல்ல வெயில். காலர்கள் மெல்ல வெளுத்து, பாலாடை நிறத்துக்கு வந்து நின்றுவிட்டன. அதற்கு மேல் அசையவில்லை. கண்காட்சியில் நடுவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "பொமரேனிய வெள்ளை கொஞ்சம் பழுப்பா இருக்கே?" என்று இழுத்தார்.

ஃபிராவ் பாகெல் வாய் திறப்பதற்குள் ஹெர் ஷோல்ஸ் முந்திக்கொண்டார். "அவங்க ஊர்லேர்ந்து சண்டைக்கு நடந்தே வந்தவங்க ஐயா. காலர் அழுக்காகாதா?"

பரிசு வேறு யாருக்கோ போனது. அதைப் பற்றி இருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. திரும்பும் வழியில் டிராமில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பரிசு பெற்ற காட்சியில் குதிரைகள் எத்தனை கோணல் என்று பேசித் தீர்த்தார்கள்.

அடுத்த ஆண்டு போலந்துக்குப் பஸ் சுற்றுலா ஒன்று கிளம்பியது. இருவரும் பெயர் கொடுத்தார்கள். கோல்பெர்க்கும் பிரெஸ்லாவும் பார்த்துவிட்டு மூக்கு வெயிலில் உரிந்து வந்து இறங்கினார்கள்.

"எப்படி இருந்தது?" என்று வைதேகி கேட்டாள்.

"எங்க வீடு இல்லை. கடல் இருக்கு. கால் நனைச்சேன்" என்றார் ஃபிராவ் பாகெல்.

"நனைச்சாளா? வெளியே வர மாட்டேன்னுட்டா. பஸ்ஸே எங்களுக்காகக் காத்திருந்தது" என்றார் ஹெர் ஷோல்ஸ், இரண்டு பெட்டிகளையும் தானே தூக்கிக்கொண்டு.